மாணவர் வாட்டர்கலர் டியூப் செட்: மலையில் இருப்பவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பச்சை டியூபை மட்டும் திறக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடைகளில் கிடைக்குமே, 18 டியூப் பெட்டி, அதைத்தான் சொல்கிறேன். டியூபுக்கு 5 மில்லி. எந்தக் கம்பெனி என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. மாணவர் வகை என்று வருவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே குணம்தான். நிறப்பொடி கொஞ்சம், நிரப்பும் மாவு கொஞ்சம் அதிகம், இரண்டையும் பிடித்து வைக்கப் பிசின். ஓவியர் வகையில் நல்ல நீலம் ஒரு டியூப் வாங்கும் காசுக்கு இதில் முழுப் பெட்டியே வந்துவிடும். சில பெட்டிகளில் பிரஷ்ஷும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை வீட்டுக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள், கோந்து தடவ ஆகும். ஆறாம் நம்பரில் உருண்டை முனை சிந்தெடிக் பிரஷ் ஒன்று தனியாக வாங்கினால் போதும்.

நான் ஓவியர் இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். இலை வண்டி வருவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவுதான் படத்துக்கு. வகுப்பு எதற்கும் போகவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்களும் என்னைப்போல வேலைக்கு நடுவே தொடங்குகிறவர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

பச்சைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கதவைத் திறந்தாலே பச்சை. அதனால் கை முதலில் போவது சாப் கிரீன் டியூபுக்குத்தான். அதை அப்படியே பிதுக்கித் தடவினால் தோட்டம் பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி இருக்கும். தேயிலைச் செடியில் எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பச்சை உண்டு. மேலே கொழுந்து: அதற்கு லெமன் யெல்லோவில் பிரஷ்யன் நீலம் ஊசிமுனை அளவு. அதற்குக் கீழே இருக்கும் இலைக்கு நீலத்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு துளி யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள். அடியில் முற்றின இலைக்கு மஞ்சளே வேண்டாம். பிரஷ்யன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் சேர்ந்தால் கறுப்பை நெருங்கும் ஒரு பச்சை வரும். வெயில் சாய்வாக விழும்போது இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும், உச்சி வெயிலில் கலந்துவிடும். செடியைக் குட்டையாக வெட்டிவிட்ட, அதாவது கவாத்து வெட்டின தேயிலைக் காட்டில் பச்சையே கிடையாது, வெறும் குச்சியும் பழுப்பும்தான். வரைவதற்கு அதுதான் சுலபம், ஆனால் அதை யாரும் வரைவதில்லை.

பிரஷ்யன் நீலத்தில் கவனம் வேண்டும். 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் சிவப்பு செய்யப் போனவர் கையில் தற்செயலாக வந்த நிறம் என்பார்கள். இன்றைக்கும் அது சொன்ன பேச்சுக் கேட்காது. மஞ்சளில் நீலத்தைச் சேருங்கள், நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் மஞ்சள் டியூப் காலியாகிவிடும்.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. ஒரு படத்தில் விரலை வைத்து, "ரைட்டரம்மா, இந்த வரிசையில நான் கை வெக்க மாட்டேன். முத்திப் போச்சு" என்றார். பார்த்தால் மேல் வரிசையிலும் நீலம் தூக்கலாக இருந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கே எடுக்கணும், நாளைக்கு விட்டா போச்சு" என்றார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வாழ்நாள் முழுக்கப் பார்த்த கண். வண்ணப் பாடம் எடுக்க எனக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். இப்போதெல்லாம் படம் காய்ந்ததும் முதலில் அவரிடம்தான் காட்டுகிறேன்.

பெட்டியில் சாம்பல் நிறம் இருக்காது. அது குறை இல்லை. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தால் வருவதுதான் எங்கள் ஊர் சாம்பல். நீலம் ஏறினால் மழைக்கு முந்தைய வானம், பழுப்பு ஏறினால் ஈரப் பாறை. அல்ட்ராமரின் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைக் கல்லை இடித்து எடுத்தது, தங்கத்தோடு போட்டி போட்ட விலை. 1820களில் செயற்கையாகச் செய்யும் வழி பிரான்சில் கிடைத்த பிறகு, வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலம் வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. அதன் பொடி தண்ணீரில் முழுசாகக் கரைவதில்லை, காகிதத்தின் குழிகளில் போய் மணல் மணலாக உட்காரும். மஞ்சு, அதாவது மலையில் இறங்கும் மூடுபனி, வரைகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மஞ்சுக்கு வெள்ளை டியூபை எடுக்கவே கூடாது. காகிதத்தின் வெள்ளைதான் மஞ்சு. பக்கத்தைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, பளபளப்பு லேசாக அடங்குகிற நேரம் பார்த்து, மேலே சில்வர் ஓக் மரங்களை நீர்த்த சாம்பலில் தொட்டுவிட வேண்டும். ஓரங்கள் தானாகக் கலைந்து பின்னால் போகும். சீக்கிரம் தொட்டால் மரமே காணாமல் போகும். தாமதித்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். அந்த இடைவெளியைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். மனசு எதிலும் ஓடாமல் அந்த ஈரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நான் இந்தப் பெட்டிக்குக் காசு கொடுத்துவிடுவேன்.

சமவெளிக்காரர்கள் சொல்லும் நேரக் கணக்கு எதுவும் இங்கே ஒத்துவராது. மதுரையில் பிரஷ்ஷைக் கழுவி வருவதற்குள் காய்ந்துவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாயங்காலம் நனைத்த பக்கம் ராத்திரிச் சாப்பாடு முடிந்தும் ஈரமாக இருக்கும். பாதி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். நான் அடுப்பங்கரையில் வைத்துக் காய வைக்கிறேன். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கோடநாடு காட்சிமுனைக்குப் போய் உட்கார்ந்து கீழே மாயார் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைய அதுதான் காலம். தூரம் போகப் போக மலை எப்படி வெளிறி நீலமாகிறது என்பதற்கு அங்கே நாலு அடுக்கு ஒரே பார்வையில் கிடைக்கும்.

காசை மிச்சம் பிடிக்க வேண்டியது வண்ணத்தில், செலவழிக்க வேண்டியது காகிதத்தில். சாதாரண டிராயிங் நோட் நனைந்தால் அப்பளமாக வளையும், நீலம் போய்ப் பள்ளத்தில் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) காகிதம் கேட்டு வாங்குங்கள், முழுக்கப் பருத்தி என்றால் இன்னும் நல்லது. விலை அதிகம்தான், ஒரு தாளை நாலாக வெட்டி இரண்டு பக்கமும் வரைந்தால் கட்டுப்படியாகும். தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்கக் காகிதத்தில் ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ ஏற்றியிருப்பார்கள். மலை ஈரத்தில் நாள்பட்டால் அது வலுவிழந்து, காகிதம் மையொற்றுத் தாளாகிவிடும். தொழிற்சாலையில் தேயிலையைச் சுமார் 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் கட்டுகிறோம். காகிதத்துக்கும் அதே மரியாதைதான். என் தாள்கள் பழைய தேயிலை டின்னில் இருக்கின்றன. லேசாக வாசம் ஏறியிருக்கிறது, பரவாயில்லை.

யார் வாங்க வேண்டாம்? படத்தைச் சட்டம் போட்டு வெயில் விழும் சுவரில் மாட்ட நினைப்பவர்கள். மாணவர் வகைச் சிவப்புகளில் பல வெளிச்சத்தில் வெளிறும். கறுப்பு டியூபும் பெரிதாகத் தேவைப்படாது.

முதலில் தீர்வது லெமன் யெல்லோ, அடுத்து அல்ட்ராமரின். அதற்காக மறுபடி முழுப் பெட்டி வாங்காதீர்கள். தனி டியூப் வெளியே மாட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் கேட்டால் பல கடைகளில் உள்ளே இருந்து எடுத்துத் தருகிறார்கள். வாங்கும்போது டியூபின் அடியை லேசாக அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் அங்கேயே வேறு கேளுங்கள்.