கிருஷ்ணமூர்த்தியா, கன்னாவா? மசோதாக் கணக்கும் பணக் கணக்கும்

ராஜா கிருஷ்ணமூர்த்தியும் ரோ கன்னாவும் 2017 ஜனவரி 3 அன்று ஒரே நாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் பதவியேற்றவர்கள். இருவரும் ஜனநாயகக் கட்சி, இருவருமே வழக்கறிஞர்கள். முன்னவர் டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, இல்லினாயின் பியோரியாவில் வளர்ந்தவர். பின்னவர் பிலடெல்பியாவில் பிறந்த பஞ்சாபி. தோற்றுத்தான் இருவரும் ஜெயித்தார்கள். கிருஷ்ணமூர்த்தி 2012இல் டாமி டக்வொர்த்திடம் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். கன்னா 2004இலும் தோற்றார், 2014இலும் தோற்றார்.

இவர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடித்துக்கொள்கிறார்கள். எத்தனை மசோதா சட்டமானது? 'பேக்' பணம் வாங்குகிறாரா, இல்லையா? பேக் என்றால் பையல்ல, கம்பெனிகளும் சங்கங்களும் நடத்தும் அரசியல் நிதிக் குழு. சரி, அதுவும் ஒருவகைப் பணப்பைதான். இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து ஆளை எடைபோட்டால் தராசு பொய் சொல்லும் என்பது என் வாதம்.

முதலில் மசோதா. அரசு இணையதளத்தில் கிருஷ்ணமூர்த்தியின் பெயரைப் போட்டு, அவர் முதல் பெயராகக் கொண்டுவந்து சட்டமானவற்றை மட்டும் எண்ணினால் அவருடைய பெரிய வேலைகள் கண்ணில் படாது. 2018 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட தொழிற்கல்விச் சட்டத்தை அவர் குடியரசுக் கட்சியின் கிளென் தாம்சனோடு சேர்ந்து இழுத்துவந்தார். ஆனால் முதல் பெயர் தாம்சனுடையது. டிக்டாக்கைச் சீனக் கம்பெனி விற்க வேண்டும், இல்லாவிட்டால் தடை என்ற மசோதாவிலும் அப்படித்தான், முதல் பெயர் குடியரசுக் கட்சியின் மைக் காலகர், அடுத்தது இவர்.

அந்த டிக்டாக் விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2024 மார்ச் 7 அன்று செயலியைத் திறந்தவர்களுக்குப் பாட்டுக்கும் நடனத்துக்கும் முன்னால் ஒரு அறிவிப்பு வந்தது: உங்கள் உறுப்பினரை இப்போதே கூப்பிட்டுத் தடையை எதிர்க்கச் சொல்லுங்கள் என்று. வாஷிங்டன் அலுவலகங்களில் தொலைபேசி ஓயவில்லை, கூப்பிட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஒரு செயலி நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தக் கம்பெனியே செய்முறை விளக்கம் காட்டியது மாதிரி ஆகிவிட்டது. அன்றே குழுவில் 50-0 என்று மசோதா தேறியது. ஆறு நாளில் அவையில் 352-65. ஏப்ரலில் வெளிநாட்டு உதவித் தொகுப்போடு சேர்த்துக் கட்டி பைடன் கையெழுத்துப் போட்டார். சட்டம் வேறொரு மசோதா எண்ணில் நிறைவேறியதால் இதுவும் கிருஷ்ணமூர்த்தியின் கணக்கில் ஏறாது. எதிர்த்து ஓட்டுப் போட்ட 65 பேரில் கன்னாவும் ஒருவர்.

மசோதாவே இல்லாமலும் வேலை நடக்கும். கீழவையின் மேற்பார்வைத் துணைக்குழுத் தலைவராக இருந்தபோது, 2019இல் ஜூல் மின்சிகரெட் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டார் கிருஷ்ணமூர்த்தி. 2021 பிப்ரவரியில் அதே குழு குழந்தை உணவில் ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் இருப்பதாக அறிக்கை விட்டது. அதன் பின்னால் அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனாலும் பெற்றோர் டப்பாவைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகம் குழந்தை உணவில் ஈயத்துக்கு வரம்பு சொன்னது. எண்ணிக்கைப் பட்டியலில் இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

கன்னாவின் பட்டியல் பார்க்க இதைவிட நன்றாக இருக்கும். அரசு இணையதளங்களைச் சீர்படுத்தும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரில் இருக்கிறது. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பற்றிய அரசுக் கோப்புகளை வெளியிடச் சொல்லும் சட்டமும் அவருடையதே. அதை அவைத் தலைவர் ஓட்டுக்கே விடவில்லை. அவையில் பாதிக்கு மேல் கையெழுத்திட்டால் தலைவரை மீறியும் ஓட்டுக்குக் கொண்டுவரலாம்; குடியரசுக் கட்சியின் தாமஸ் மாசியோடு சேர்ந்து அதற்கான 218 கையெழுத்தைத் திரட்டினார் கன்னா. கடைசிக் கையெழுத்து, 2025 நவம்பர் 12 அன்று பதவியேற்ற கையோடு அடெலிட்டா கிரிஹால்வா போட்டது. ஒரு வாரத்துக்குள் 427-1. ஆளும் கட்சியின் தலைமையை மீறி எதிர்வரிசையில் இருக்கும் ஒருவர் இப்படிச் சாதிப்பது அபூர்வம். இந்த இடத்தில் கன்னா ஒரு படி மேலே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏமன் போரிலிருந்து அமெரிக்கா விலக வேண்டும் என்று அவர் முன்னின்ற தீர்மானமோ 2019இல் இரு அவைகளிலும் தேறி, டிரம்பின் வீட்டோவில் விழுந்தது. அதுவும் பட்டியலில் வராது.

அப்புறம் பணம். பேக் பணமும், கம்பெனிகளுக்காக உறுப்பினர்களிடம் பேசும் 'லாபி' தரகர்களின் பணமும் தொட மாட்டேன் என்று கன்னா சொல்லிவைத்திருக்கிறார். கிருஷ்ணமூர்த்தி அப்படிச் சபதம் செய்தவரல்ல. கேட்பதற்குக் கன்னா பக்கம் சுத்தமாகத் தெரியும். ஆனால் கூட்டிப் பாருங்கள். ஒரு பேக், ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் தரலாம். உட்கட்சித் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று, ஆக 10,000. தனி ஆளுக்கு வரம்பு 2025-26இல் தேர்தலுக்கு 3,500. கணவனும் மனைவியும் இரண்டு தேர்தலுக்கும் கொடுத்தால் 14,000. கம்பெனிக் குழுவைவிட, அந்தக் கம்பெனி அதிகாரியின் வீடு கூடுதலாகக் கொடுக்கலாம்! சபதம் மீறப்படவும் இல்லை.

கன்னாவின் தொகுதியை நினைத்துப் பாருங்கள்: குப்பர்டினோ, சன்னிவேல், சாண்டா கிளாரா. 2014இல் தொழில்நுட்பக் கம்பெனித் தலைவர்களின் பணத்தோடுதான், அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த மைக் ஹோண்டாவை எதிர்த்து நின்றார். ஹோண்டாவைவிட அதிகம் திரட்டியும் 48.2 சதவீதத்தோடு தோற்றார். பணம் இருந்தால் மட்டும் ஜெயித்துவிட முடியாது என்பதற்கு அவரே சாட்சி. பிறகு அவர் முன்மொழிந்த அறிவியல் நிதித் திட்டம் கணினிச் சில்லு உற்பத்திக்கு அரசு நிதி தரும் 2022இன் சிப்ஸ் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தச் சட்டத்தில் பெரிய பங்கு பெற்ற இன்டெலின் தலைமையகம் சாண்டா கிளாராவில். தன் தொகுதிக்குச் செய்ததில் தப்பில்லை. ஆனால் 'பேக் வாங்கவில்லை' என்பது 'தொழில்துறையோடு நெருக்கமில்லை' என்று ஆகாது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் திட்டத்திலும் குடியரசுக் கட்சிக் கூட்டாளி அதே மைக் காலகர்தான்.

நான் பார்க்கச் சொல்வது வேறு இடம். 200 டாலருக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர், ஊர், வேலை, முதலாளி எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பொதுவில் கிடக்கிறது. 'முதலாளி' என்ற பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். பக்கத்திலேயே அந்தத் துறை பற்றி வந்த மசோதாவில் உறுப்பினர் போட்ட ஓட்டைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலை.

கிருஷ்ணமூர்த்தியிடம் எனக்கு நெருடியது பணம் வந்த வழியைவிட அது குவிந்த விதம். அவருடையது சிகாகோவின் மேற்குப் புறநகர், ஜனநாயகக் கட்சிக்குப் பாதுகாப்பான தொகுதி. அங்கே ஜெயிக்க இவ்வளவு தேவையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் திரட்டினார், செலவழிக்காமல் சேர்த்தார். கீழவைக் கணக்கில் உள்ள பணத்தை செனட் தேர்தலுக்கு அப்படியே மாற்றிக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. 2025 ஏப்ரலில் இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் இனிப் போட்டியில்லை என்று அறிவித்தார். அடுத்த மாதமே கிருஷ்ணமூர்த்தி அந்த செனட் இடத்துக்குக் களமிறங்கினார், கையில் கிட்டத்தட்ட 19 மில்லியன் டாலரோடு.