டிவிடி ரைட்டர்: கேபினட்டுக்குள் பொருத்துவதா, யூஎஸ்பியில் செருகுவதா?

ஸ்கேன் சென்டரில் தரும் சிடியை வீட்டில் திறந்து பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றுக்கு வீடியோ ஆதாரத்தை டிஸ்க்கில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். அலமாரியில் கிடக்கும் கல்யாண டிவிடிகளை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். சென்னையில் இன்றும் ரைட்டர் தேடி வருபவர்களின் தேவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ரிச்சி ஸ்டிரீட்டில் விசாரித்தால் மூன்று வகை கிடைக்கும்: கேபினட்டுக்குள் பொருத்தி, மதர்போர்டோடு சாட்டா கேபிளால் இணைக்கும் சாட்டா (இன்டர்னல்) ரைட்டர், யூஎஸ்பியில் செருகும் ஸ்லிம் ரைட்டர், டிவிடியைவிட அதிகம் கொள்ளும் தட்டுகளில் எழுதும் புளூ-ரே ரைட்டர்.

கேபினட்டின் முன்புறம் 5.25 அங்குல இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அடிக்கடி எழுதுபவர்களுக்கு இன்டர்னல் சாட்டாதான் சரி. வேகத்தை வைத்து இதைச் சொல்லவில்லை, மின்சாரத்தை வைத்துச் சொல்கிறோம்.

சாட்டா ரைட்டருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) 15 பின் கனெக்டர் வழியாக 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தனித்தனியாக வருகின்றன. தட்டைச் சுழற்றும் மோட்டார் திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தாலும் லேசருக்கான சப்ளை ஆடாது. ஸ்லிம் ரைட்டருக்கோ மோட்டார், லேசர், சர்க்யூட் எல்லாவற்றுக்கும் சேர்த்து யூஎஸ்பியின் 5 வோல்ட் மட்டும்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் சில ஸ்லிம் ரைட்டர்கள் 1 ஆம்பியரைத் தாண்டிவிடும். ‘எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது’, ‘தட்டைப் போட்டதும் டிரைவே மறைந்துவிட்டது’ என்ற புகார்களில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வேகக் கணக்கையும் பார்த்துவிடலாம். டிவிடியில் 1x என்றால் நொடிக்கு 1.385 எம்பி. 4.7 ஜிபி தட்டை அந்த வேகத்தில் எழுதி முடிக்க ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். இன்டர்னல் ரைட்டரின் பெட்டியில் 24x என்றும் ஸ்லிம்மில் 8x என்றும் போட்டிருக்கும். ஆனால் 24x என்பது தட்டின் வெளி விளிம்பில் மட்டும் எட்டும் உச்ச வேகம். கடையில் கிடைக்கும் 16x தட்டுகளை 8x-ல் எழுதுவதுதான் நல்லது. அப்படி எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் சில நிமிடங்கள்தான். ரொம்ப மெதுவாக எழுதினால் தரம் கூடும் என்று நினைத்து 2x-க்கு இறக்க வேண்டாம். இன்றைய தட்டுகளின் சாயம் அதிக வேகத்துக்கென்றே தயாரானது.

ஸ்லிம்முக்கும் நியாயமான இடம் உண்டு. புதிய கேபினட்டுகள் பலவற்றில் முன்பக்கம் முழுக்க ஃபேனும் கண்ணாடியும்தான், 5.25 அங்குல இடமே கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் சிடி பார்ப்பவருக்கும், லேப்டாப்பிலும் பயன்படுத்த நினைப்பவருக்கும் ஸ்லிம் போதும். டிரேயை இழுத்தால் லென்ஸும் கூடவே வெளியே வருவதால் துடைப்பதும் எளிது. அதே காரணத்தால் தூசியும் எளிதில் படியும். தட்டை நடுவில் அழுத்தி, ‘டிக்’ என்று பிடித்த பிறகே டிரேயை மூடுங்கள். சரியாக உட்காராத தட்டு உள்ளே உரசும். கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டைத் தவிர்த்து, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுக்குப் போகும் நீளமான ஒயரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் குறைந்துவிடும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் இரண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்.

புளூ-ரே ரைட்டரைச் சேமிப்புக்காக மட்டும் வாங்குங்கள். ஒரு தட்டில் 25 ஜிபி, இரட்டை அடுக்கில் 50. 500 ஜிபி குடும்ப வீடியோவுக்கு 25 ஜிபி தட்டு 20 போதும். டிவிடியில் என்றால் 107 வேண்டும். படம் பார்க்கத்தான் என்றால் வேண்டாம். வணிகப் புளூ-ரே படங்களின் பூட்டைத் திறக்க விண்டோஸில் உரிமம் பெற்ற தனி மென்பொருள் தேவை. டிவிடி படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, இலவசமான விஎல்சியே ஓட்டிவிடும். எழுதும் புளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. அதனால் டிரைவை வாங்கும்முன் தட்டு தொடர்ந்து கிடைக்குமா என்று கடையில் உறுதி செய்யுங்கள்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. பெட்டியில்லாமல் வரும் இன்டர்னல் ரைட்டரோடு டேட்டா கேபிளும் ஸ்குரூவும் பெரும்பாலும் வராது, கேட்டு வாங்குங்கள். இதற்கு வேண்டியது எம்3 ஸ்குரூ, பக்கத்துக்கு இரண்டு. 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கின் தடித்த மரை ஸ்குரூவைத் திணித்தால் மரை பாழாகிவிடும். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் சிறிய சேமிப்பு அட்டை) போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். புது ரைட்டர் தெரியவில்லை என்றதும் கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும்முன் வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் ரைட்டர் தெரிந்தும் விண்டோஸில் தெரியவில்லையா? டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு கோட் 19, 39 அல்லது 41 இருந்தால் கோளாறு பெரும்பாலும் ரைட்டரில் இல்லை. தட்டில் எழுதப் பயன்படுத்திய பழைய பர்னிங் மென்பொருள் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகள்தான் காரணமாக இருக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிடிராம் பிரிவை பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்தப் பிரிவில் உள்ள இந்த இரண்டை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு பிரிவில் இதே பெயர் இருந்தால் தொடக் கூடாது.

சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை என்றால் லேசரைச் சந்தேகிக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. அலைநீளம் வேறு என்பதால் ஒன்று பழுதாகி இன்னொன்று பிழைத்திருக்கலாம். முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் மெல்ல ஒரு சுற்று. மெல்லிய கம்பிகளில் தொங்கும் லென்ஸ் அது, அழுத்தினால் போச்சு. துடைத்தும் மாற்றமில்லை என்றால் புது ரைட்டர்தான், லேசரை மாற்றும் செலவு கட்டாது.

டிரே திறக்காமல் முனகுவது இன்டர்னல் வகையில் அடிக்கடி வரும் கோளாறு. உள்ளே இருக்கும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முன்புறத் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்தினால் டிரே வெளியே வரும். பெல்ட்டை மாற்றினால் ரைட்டர் பழையபடி ஓடும்.

‘பவர் கேலிபிரேஷன் எர்ரர்’ என்று வந்தால் அவசரப்பட்டு ரைட்டரைக் குறை சொல்ல வேண்டாம். எழுதத் தொடங்கும்முன் தட்டின் உள் விளிம்பில் லேசரின் அளவைச் சோதித்துப் பார்க்கிறது டிரைவ். அந்தச் சோதனை தோற்றதைத்தான் இப்படிச் சொல்கிறது. வேறு கம்பெனித் தட்டு, அடுத்து குறைந்த வேகம், அடுத்து லென்ஸ் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். உறையில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். தட்டைப் போட்டு இம்க்பர்ன் (ImgBurn) என்ற மென்பொருளில் பார்த்தால் உண்மையில் தயாரித்தது யார் என்ற குறியீடு தெரியும்.

எழுதிய தட்டு மற்ற இடத்தில் திறக்கவில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கும். விண்டோஸ் கேட்கும் இரண்டு தேர்வுகளில் ‘யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிவி பிளேயர் அதைப் படிக்காமல் போகலாம். ‘சிடி/டிவிடி பிளேயருக்கு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, முடிவில் தட்டை ‘மூடுங்கள்’, அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி எழுதி முடியுங்கள். ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் யூடிஎஃப் (UDF) என்ற கோப்பு முறையில் எழுத வேண்டும். 4.7 ஜிபி தட்டில் விண்டோஸ் கணக்குப்படி 4.38 ஜிபிதான் கொள்ளும்.

நீதிமன்றத்துக்குப் போகும் தட்டு என்றால் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வேண்டாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63(4)-ன்படி தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கேட்கப்படுகிறது. எழுதி முடித்த பிறகு தட்டிலிருந்தே கோப்பைப் படித்து, அந்த மதிப்பு மூலக் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே உறையில் போடுங்கள்.