மாஸ் கெயினர் கேட்டால் மரச்சீனி தின்னச் சொல்லும் கடை

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன சப்ளிமெண்ட் கடை. உடம்பு எடை கூட்டும் பவுடரான மாஸ் கெயினர் வாங்கத்தான் போனேன். கடைக்கார அண்ணன் டப்பாவைத் திருப்பி லேபிளில் விரல் வைத்தார். முதல் பொருளே மால்டோடெக்ஸ்ட்ரின். "இதுல முக்கால்வாசி மாவுச்சத்துதான் மக்கா. இந்தக் காசுக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளையும் (மத்தி மீன்) வாங்கித் தின்னு" என்றார். வியாபாரம் தெரியாத ஆளோ என்று தோன்றும்.

பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடரான வே புரோட்டீன் எடுத்தால் மூடிக்கு உள்ளே இருக்கும் சீலைக் காட்டுகிறார். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், இறக்குமதியாளர் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நம்மையே படிக்கச் சொல்கிறார். கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருந்தால் யோசித்து வாங்கு என்கிறார். நைட்ரஜனை அளந்துதான் புரதக் கணக்குப் போடுவார்கள் என்பதால், விலை மலிவான இந்தச் சரக்கைக் கலந்து கணக்கை ஏற்றிவிடலாம்.

தசை வலுவுக்கு எடுக்கும் கிரியேட்டினில் சாதா மோனோஹைட்ரேட் வகையே போதும், நாளுக்கு 3 முதல் 5 கிராம். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கிட்னி நிலையைப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். கிட்னிக் கோளாறு உள்ளவர்களை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். ஸ்டீராய்டு ஊசி கிடைக்குமா என்று கேட்ட ஒருத்தன் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது!

குறை என்றால் விலைதான், ஆன்லைனைவிடக் கூடுதல். ஃபிளேவரும் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் ப்ரீ ஒர்க்கவுட் பவுடர் வாங்கும் சாயங்கால ஜிம்காரர்கள் காஃபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லைன்னா ராத்திரி முழிச்சுத்தான் கிடக்கணும். பைக்கை எதிர்ச் சந்தில்தான் விட வேண்டும்.