தங்கவயலைப் பார்க்க வேண்டுமா? மாரிகுப்பம் ரயிலில் போங்கள்

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் காரில்தான் போகிறார்கள். சயனைடு மேட்டுக்கு (தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குவியல்) கீழே நின்று நாலு படம், மூடிய சுரங்கத்தின் துருப்பிடித்த ஷாஃப்ட் பக்கம் ரெண்டு படம், சாயங்காலத்துக்குள் வீடு. பகலில் போனால் ஊர் காலியாகத்தான் தெரியும், ஏனென்றால் வேலைக்குப் போகிற வயதில் இருக்கிற பாதி ஊர் விடியற்காலையிலேயே ரயிலேறிப் பெங்களூருக்குப் போயிருக்கும். அந்த மாரிகுப்பம் ரயிலைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வண்டி சாதாரண பாசஞ்சர்தான். முன்பதிவு கிடையாது, டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு. பங்காருப்பேட்டை வரைக்கும் மெயின் லைன், அங்கிருந்து கிளை பிரிந்து தங்கவயலுக்குள் போகிறது. 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை இது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று வண்டி வேகமெடுப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை ஸ்டேஷன் என்று தோன்றும். ஒரு காலத்தில் இது சின்ன ஊர் இல்லை.

1880-இல் தங்கம் எடுக்க ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள், நிலமில்லாமல் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், ஆள்பிடிக்கும் கங்காணிகள் பின்னால் வந்து குழிக்குள் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள், பெங்களூருக்கே 1905-இல்தான் கரண்ட். குடிதண்ணீர் பேத்தமங்கலா ஏரியிலிருந்து. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப். தொழிலாளிக்கு லைன் வீடு: ஒரே அறை, குனிந்து நுழைகிற வாசல், அதற்குள் ஒரு முழுக் குடும்பம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல், பாறை வெடித்துச் செத்தவர்களும் சிலிக்கா தூசியில் நுரையீரல் போனவர்களும் எத்தனையோ பேர். மொத்தமாகச் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். அதற்கு இந்த ஊருக்குக் கிடைத்த கூலி ரொம்ப ரொம்பக் குறைவு, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

1956-இல் அரசு எடுத்துக்கொண்டது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் ஆனது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த பூமி, கடைசியில் சுமார் 3 கிராமுக்கு இறங்கிவிட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள், 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிழைத்ததற்கு இந்த ரயில் ஒரு பெரிய காரணம். கம்பெனிக்காகப் போட்ட தண்டவாளம் கம்பெனி போன பிறகு ஊருக்குச் சோறு போடுகிறது.

இப்போது வண்டிக்கு வருகிறேன். காலையில் பெங்களூரிலிருந்து போனால் கூட்டம் எதிர்ப்பக்கம் என்பதால் ஜன்னல் சீட் சுலபமாகக் கிடைக்கும், சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான். வசதிதான், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். தங்கவயலின் கடைத்தெருப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ராத்திரி தங்கி, இருட்டு விலகுமுன்னே மாரிகுப்பத்துக்குப் போய் ஏறுங்கள். அங்கேதான் வண்டி புறப்படுகிறது, அதனால் இடம் கிடைக்கும். சாம்பியனில் ஏறுகிறவன் கர்ச்சீப் போட்டு நண்பனுக்கு இடம் பிடிப்பான், ஊரிகத்தில் ஏறும் பெண்கள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நேற்று விட்ட கதையைத் தொடங்குவார்கள். பங்காருப்பேட்டைக்கு அப்புறம் கால் வைக்க இடமிருக்காது. கதவோரம் பேப்பர் விரித்து உட்கார்ந்தபடியே தூங்குகிற பையன்களைப் பார்க்கலாம், மாலூர் வந்தாலும் எழ மாட்டார்கள். சுற்றிலும் பேச்சு பெரும்பாலும் தமிழ், நடுநடுவே கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்திலேயே வரும். கட்டட வேலை, செக்யூரிட்டி, துணிக்கடை, ஐ.டி. ஆபீஸ் என்று எல்லா வேலைக்காரர்களும் ஒரே பெட்டியில்தான். புதுசாகப் போகிறவனுக்கும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள்.

குறை என்றால் ரெண்டு. காலை வண்டிக்குப் பெட்டிகள் போதவில்லை, வயதானவர்களும் கர்ப்பிணிகளும் படுகிற பாட்டைப் பார்க்க மனசு தாங்காது. போக வர தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் போகிறவர்கள் உட்கார்ந்தாவது போக வேண்டாமா? அப்புறம், ராத்திரி லேட்டாக ஒரு வண்டி வேண்டும். ஷிஃப்ட் முடிய நேரமானால் பஸ்ஸுக்கு அலைய வேண்டியிருக்கிறது, அன்றைய கூலியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது.

2024-இல் அந்த 13 சயனைடு மேடுகளிலும் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ரயிலில் அதைப் பற்றி யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள், பெட்டியே சேர்ந்துகொள்ளும். காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசி வீட்டுக்குள் வருகிற கதையையும் அவர்களே சொல்வார்கள். விடுமுறை நாளில் போகாதீர்கள், திங்கள்கிழமை காலை வண்டிதான் சரி. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ரயிலுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குறைத்த அந்த ஒன்று பெட்டிகளுக்காக.