கெடா கால்வாய்ச் சைக்கிள் பயணம்: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

பினாங்கில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். "வான் மாட் சமான் கால்வாய்க் கரையில் மூன்று நாள், 120 கிலோமீட்டர்" என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. போன மாதம் நாங்கள் நான்கு பேர் அதை நம்பித் தலைக்கு 520 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கட்டினோம். சைக்கிள், இரண்டு இரவு தங்கும் வீடு, பின்னாலேயே வரும் வேன் எல்லாம் அதில் அடக்கம். சைக்கிளுக்குப் பிணைப்பணமாக ஆளுக்கு 150 வெள்ளி தனி.

அந்த 120-ஐப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரத்துக் குரூண் வரை அந்தக் கால்வாயே ஏறக்குறைய 36 கிலோமீட்டர்தான். கெடா மாநிலத்தின் மந்திரி புசார் (முதலமைச்சர்) வான் முகமட் சமான் 1885-இல் வெட்ட ஆரம்பித்தது. இரவில் பந்தங்களை வரிசையாக நிறுத்தி, மலையைக் குறிபார்த்து நேர்கோடு பிடித்தார்கள் என்று சொல்வார்கள். இவ்வளவு தெரிந்தும் மீதி 84 கிலோமீட்டர் எங்கே என்று கேட்கவில்லை. எங்களில் மூத்தவரான அண்ணன் வேறு, "திரும்பும்போது பூஜாங் பள்ளத்தாக்கு தம்பி, ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம்!" என்று ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் யார் கணக்குப் பார்ப்பது?

காலை ஆறு மணிக்குப் பட்டர்வொர்த்துக்கு வரச் சொன்னார்கள். நம் ஊரில் அந்த நேரம் கும்மிருட்டு. சைக்கிள்களை ஏற்கனவே வேனில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டி அண்ணே" என்றார் பயணத்தை விற்ற ஆள். நால்வரும் கையெழுத்துப் போட்டோம். "சைக்கிள்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று மலாயில் ஒரு வரி அதில் இருந்ததை வீடு திரும்பித்தான் படித்தேன்.

அலோர் ஸ்டாரில் இறக்கிவிட்டு, "பெட்ரோல் போட்டுட்டுப் பின்னாடியே வரேன், நீங்க கிளம்புங்க" என்று போன வேனை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

என் சைக்கிளின் பின்சக்கரத்தில் கோட்டம் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசி சர், சர் என்று சத்தம். கட்டையில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த இரும்பு ரிம்மில் கோடு போட்டிருந்தது. கால்வாயைக் குறை சொல்ல மாட்டேன்; நெல்வயலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் எதையும் மன்னித்துவிடலாம் போலத்தான் இருந்தது. குவார் செம்படாக் தாண்டுவதற்குள் பட்டென்று ஒரு ஸ்போக் அறுந்தது. அந்த ஆளுக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் ஒரே டிக்கோடு நின்றன.

வழியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர் பத்து வெள்ளிக்குக் கம்பி மாற்றிக் கோட்டமும் எடுத்துத் தந்தார். அறுந்த முனையை வெயிலில் பிடித்துக் காட்டினார். முக்கால்வாசி பழுப்புத் துரு, ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்குப் பளபளப்பு. துருப்பிடித்த பாகம் எப்போதோ விரிந்தது, பளபளக்கும் பாகம்தான் இன்றைக்கு அறுந்தது என்றார். நல்லவேளை, அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

குரூணில் தங்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு எங்களைப் பற்றித் தெரியவே தெரியாது. 160 வெள்ளி கைக்காசு கொடுத்துப் படுத்தோம். இரவு பத்து மணிக்கு வழிகாட்டுதல் என்று ஒரு குரல் பதிவு வந்தது: "நாளைக்கு மெயின் ரோட்டையே பிடிச்சு சுங்கை பட்டாணி வந்துடுங்க." அந்த மீதித் தூரம் லாரி ஓடும் சாலை. காலையில் 180 வெள்ளிக்கு ஒரு குட்டி லாரி பிடித்துச் சைக்கிள்களோடு திரும்பினோம். கடாரம் அப்படியே இருக்கிறது, ஆயிரம் வருடம் காத்திருந்தது இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பிணைப்பணத்தைக் கேட்டபோது, "சக்கரத்தை வளைச்சது நீங்கதான், கையெழுத்து இருக்கே" என்றார். நான்கு பேர் பணமும், மொத்தம் 600 வெள்ளி, போச்சு. ஒரு சக்கரத்துக்கு நான்கு பேர் பணம் எதற்கு என்று கேட்டதற்கு அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

சுற்றுலாத் தொகுப்பு விற்பவருக்கு 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். அந்த உரிம எண்ணை முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பணத்தையும் தனிநபர் வங்கிக் கணக்கில்தான் போட்டோம், அதுவும் எங்கள் முட்டாள்தனம். வழித்தடத்தை வரைபடமாகக் கேளுங்கள். விடிந்த பிறகு சைக்கிளை வாங்குங்கள், பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காணொளி எடுத்துக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். இருட்டில்தான் தருவேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். எதிராளியின் பெயரும் முகவரியும் மட்டும் கட்டாயம் வேண்டும். எங்களுக்கு அது ரசீதில் இருந்த மங்கலான முத்திரையிலிருந்துதான் கிடைத்தது, அதனால் எவ்வளவு சின்னத் துண்டுச் சீட்டையும் தூக்கிப்போடாதீர்கள். மனுவைக் கொடுத்துவிட்டோம், விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அறுந்த ஸ்போக் பழைய மைலோ டின்னில் இருக்கிறது. "இன்னும் துருப்பிடிக்காம பாத்துக்கோ" என்று அண்ணன் தினமும் போன் செய்கிறார்.