ஆரும் டீசோல்வும்: நுளம்புக் கணக்குப் போட நல்ல மென்பொருள்

சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிறவர்களும் உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளைகளும் கட்டாயம் ஒருக்கால் போட்டுப் பார்க்கவேண்டிய மென்பொருள், புள்ளிவிபரக் கணக்குப் போடுகிற இந்த ஆர் (R). காசு இல்லை, பழைய லாப்டொப்பிலும் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் இணையமே தேவையில்லை, சிக்னலைத் தேடி ரோட்டுக்கு வரவேண்டிய வன்னிக் கிராமங்களுக்கு இது பெரிய விஷயம். கூடவே டீசோல்வ் (deSolve) என்ற பக்கேஜையும், அதாவது ஆரோடு சேர்க்கிற துணை மென்பொருளையும் போடுங்கள், ஒன்று நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று சொல்கிற வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்த்துத் தருவது அதுதான்.

நான் ஓட்டிப் பார்த்தது மலேரியா மாதிரியுரு, அதாவது நோய் பரவுவதைச் சமன்பாடுகளில் காட்டுகிற கணக்கு. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்று காட்டிய ரொனால்ட் ரோஸ் தொடங்கி ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950களில் வளர்த்தெடுத்தது அது. நுளம்புத் தொகையைப் பாதியாக்கினால் பரவலும் பாதியாகிறது, சரி. ஆனால் நுளம்பின் ஆயுளில் கைவைத்துப் பாருங்கள். நோயாளியைக் கடித்த நுளம்பின் உடம்பில் மலேரியாக் கிருமி முற்றுவதற்கு ஏறக்குறைய 10 நாள் வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கு 90 நுளம்பு தப்பினால் பத்தாம் நாள் 35 மிஞ்சும், 80 தப்பினால் 11தான் மிஞ்சும், அதற்குப் பிறகு உயிரோடு இருந்து கடிக்கிற நாட்களும் குறைவதால் மொத்தப் பரவல் ஏழில் ஒரு பங்காக விழுந்துவிடுகிறது! சுவரில் வந்து இருக்கிற நுளம்பின் ஆயுளைக் குறைப்பதுதான் சுவர் மருந்தின் வேலை, அதனால் குளத்தை விட்டுவிட்டு வீட்டுச் சுவருக்கு ஏன் மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஆர் கீறித் தருகிற இந்த வரைபைக் காட்டினாலே போதும். மருந்தை நிறுத்தினால் கோடு மறுபடி எப்படி எழும்பும் என்பதையும் அதிலேயே பார்க்கலாம், இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்கு இருந்த மலேரியா 1969இல் 5 லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் டீசோல்வ் தருவது சராசரி. உள்ளூர்ப் பரவல் 2012இல் நின்று, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் கிடைத்தபிறகு எங்கள் கேள்வி வேறு: வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிற ஒருவரிடமிருந்து நோய் பரவுமா, அவரோடு நின்றுவிடுமா? இதற்கு டீசோல்வ் 0.3 நோயாளி என்று பதில் சொல்லும், அதை வைத்து எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ன செய்வார்? இந்த இடத்தில், ஒவ்வொரு தொற்றையும் தற்செயலாக நடக்கவிட்டுப் பார்க்கிற கில்லெஸ்பி முறை பக்கேஜுக்கு மாறுங்கள், ஆயிரம் தடவை ஓட்டி எத்தனை தடவை நோய் தானாக அணைகிறது என்று எண்ணலாம். மலேரியாவைப் பரப்புகிற, கிணறுகளில் பெருகக்கூடிய ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்தக் கணக்கு எங்களுக்கு அவசியம்.

மாரி மழையையும் நீங்களேதான் சமன்பாட்டில் எழுதவேண்டும், தானாக வராது. உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் தொடக்கத்தில் பக்கத்தில் இருந்து காட்டித்தர ஒரு ஆள் இருந்தால் நல்லது.