முதல் ஷாட் மட்டும் ஏன் மேலே போகிறது? ஒரு மேட்ச் ஏர் ரைஃபிளோடு பட்ட பாடு

பத்து மீட்டர் போட்டிக்கு நான் வைத்திருக்கும், காற்றழுத்தத்தில் சுடும் ரைஃபிளின் ரெகுலேட்டர் (காற்றை அளந்து விடும் பாகம்) சரியாகி வந்த சேதி எப்படியோ பரவிவிட்டது. "அக்கா, அதே மாடல் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வேட்டை ரைஃபிள் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பேரலை (குழலை) மாற்றலாமா, ஸ்டாக்குக்குள் (தோளில் பதியும் கட்டைக்குள்) எபாக்ஸிப் பசை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் நிறைய. நம் நாட்டில் வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வேலைகள் வெடிமருந்தில் ஓடுகிற, பல நூறு மீட்டர் தாண்டுகிற துப்பாக்கிக்கு உரியவை. அங்கே பேரல் சூடாகும், பக்கக்காற்று தோட்டாவைத் தள்ளும். நம்முடையது கூரைக்குக் கீழே பத்து மீட்டர். சூடும் இல்லை, காற்றும் இல்லை. குறி பிசகினால் பெல்லட்டை, அதாவது நாம் சுடும் சின்ன ஈயக் குண்டைப் பார்க்க வேண்டும், வேகத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சுடுகிற ஆளைப் பார்க்க வேண்டும்.

பெல்லட் பற்றிச் சுருக்கமாக. ஒரே கம்பெனி, ஒரே டப்பா நிறம், ஆனால் தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வரும். ஒரே அளவிலும் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறும். ரைஃபிளை வைஸில் (பட்டறையில் பொருளை அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) இறுக்கிக் கட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, எது ஒரே ஓட்டையாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கி வையுங்கள். எவ்வளவு செலவு செய்து எதை மாற்றினாலும் இவ்வளவு பலன் கிடைக்காது. காசிமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் டப்பாவைத் திறந்தே போடக் கூடாது. உப்புக்காற்றில் ஈயத்தின் மேல் வெள்ளை மாவு பூத்துவிடும். அதன் பிறகு அந்தப் பெல்லட்டை நம்ப முடியாது.

இந்த ரைஃபிளின் பேரலுக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டிரிகர் (விரலால் இழுக்கும் விசை) அதைவிட மேல். முதல் கட்டம் முடிந்து விரல் நிற்கிற இடம் ஒவ்வொரு முறையும் அதே இடம். நினைத்த கணத்தில் விடுபடுகிறது. இத்தனை வருஷத்தில் திருகாணியை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. அலுமினிய ஸ்டாக் என்பதால் மழைக்காலத்திலும் மரம்போல ஊதுவதில்லை.

அப்புறம் அந்த முதல் ஷாட். தொடர்ந்து சுட்டால் தங்கம். ரைஃபிளை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, மூச்சை ஆற்றிக்கொண்டு மறுபடி எடுத்தால் முதல் பெல்லட் மட்டும் மேலே போகும். அடுத்தது சரியாக விழும்.

காரணம் எளிது. ரைஃபிளின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் வரை இருக்கிற அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அளவு காற்று கொடுப்பது ரெகுலேட்டர். அதன் வாய் சரியாக மூடாவிட்டால், சும்மா இருக்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறிவிடும். அடுத்த ஷாட் வேகமாகப் போகும். வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிற பெல்லட் பத்து மீட்டருக்குள் சுமார் 17 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேகம் 175 ஆனால் 16. அதாவது ஒரு மில்லிமீட்டர் மேலே. இதெல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றலாம். இலக்கின் நடுவில் இருக்கும் பத்தாம் வளையம் என்பதே அரை மில்லிமீட்டர் பொட்டு, கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 மதிப்பெண் போகும். ஆக 0.4 போச்சு. 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். நடுவில் ஓய்வெடுக்காமல் யாராலும் நிற்க முடியாது. போட்டி தொடங்கிவிட்டால் பரீட்சார்த்த ஷாட்டும் கிடையாது, வெறும் காற்றைச் சுட்டுத் தள்ளவும் விதி விடாது. கை நடுங்கும்போது இறக்கி வை என்றுதான் எந்தக் கோச்சும் சொல்லுவார். இறக்கி வைத்ததற்கே இந்த ரைஃபிள் அபராதம் வாங்கியது.

முதலில் கொடுத்த சர்வீஸ் கடையில் வாரக்கணக்கில் வைத்திருந்து, "மேடம், உங்க ஹோல்டுதான் (ரைஃபிளைப் பிடிக்கிற விதம்தான்) பிரச்சனை" என்று திருப்பித் தந்தார்கள். வைஸில் கட்டிச் சுட்டாலும் முதல் ஷாட் மேலேதான் போகிறது என்று காகிதத்தோடு காட்டியும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒருவருடைய பயிற்சியையே சந்தேகப்பட வைக்கும் பேச்சு அது.

இரண்டாவது மெக்கானிக் என் கண் முன்னாலேயே பிரித்தார். ரெகுலேட்டருக்குள் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒருபக்கம் தட்டையாகியிருந்தது. பித்தளைப் பாகத்தின் விளிம்பில் பச்சை பூத்திருந்தது. முந்தைய உரிமையாளர் கைப்பம்பில் காற்று அடித்திருக்க வேண்டும் என்றார். நம் ஊர் ஈரக்காற்றைக் கைப்பம்பில் அழுத்தினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் உட்காரும். அங்கிருந்து ரெகுலேட்டருக்கு வர எவ்வளவு நேரம்? அவர் சரிசெய்து கொடுத்த பிறகு, இப்போது உலர்காற்று நிரப்பிய ஸ்கூபா (கடலில் மூழ்குபவர்கள் பயன்படுத்தும்) சிலிண்டரிலிருந்து மட்டும்தான் நிரப்புகிறேன். முதல் ஷாட் மற்றவற்றோடு சேர்ந்து விழுகிறது.

சரி, வாங்கலாமா? வேண்டாம் தம்பி. பேரலும் டிரிகரும் இந்த விலைக்கு வேறெதிலும் கிடைக்காது, தெரியும். ஆனால் இந்த மாடலுக்கு ஓ-ரிங் தேடி நான் அலைந்த அலைச்சலை நீங்களும் அலைய வேண்டாம். புதுசாக ஒன்று, கொஞ்சம் மட்டமானதாக இருந்தாலும், வாங்குங்கள். மனசு கேட்காமல் பார்க்கப் போனால், சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் படியுங்கள். பொதுவாக 10 வருஷம்தான் அதன் ஆயுள். அப்புறம் சில ஷாட் சுட்டுவிட்டு, விற்பவரிடம் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்து, மறுபடி ஒன்று சுடுங்கள். அது மேலே போனால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.